மெழுகும் மேற்பூச்சும்: சால்ட் லேக் வண்டிகளின் பளபளப்புக்கு ஒரு வரலாறு

தமிழில் 'மெழுகு' பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தேனடையிலிருந்து எடுப்பது மெழுகு. சாணத்தைக் கரைத்துத் தரையில் பூசுவது மெழுகுதல். வங்காளியில் இந்த இரட்டை வழக்கு இல்லை. அங்கே மெழுகு 'மோம்' எனப்படும். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. தரை மெழுகுவதற்கு அவர்கள் வேறொரு வினையை வைத்திருக்கிறார்கள். நம் சொல்லின் இரு பொருளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பரப்பின்மீது மெல்லியதாக ஒன்றைத் தடவி, அது தேய்ந்தபின் மீண்டும் தடவுவது என்ற பொதுக்கருத்து கிடைக்கிறது. காருக்கு வாக்ஸ் போடுவதும் இதுவேதான். சாணம் மெழுகினால் தரை கல்லாகிவிடாது; வாக்ஸ் போட்டால் மங்கிய பூச்சு புதியதாகிவிடாது.

கல்கத்தாவில், குறிப்பாகச் சால்ட் லேக்கில், வண்டி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி எந்த வாக்ஸ் நல்லது என்பது. (கல்கத்தாத் தமிழரிடம் வெறுமனே 'லேக்' என்றால் தெற்கே உள்ள லேக் மார்க்கெட் என்றே கொள்வர். நாம் பேசுவது நகரின் கிழக்கோரத்துச் சால்ட் லேக், அலுவல்முறைப் பெயரில் பிதான்நகர்.) கடைக்காரர் விலையைப் பார்த்துச் சொல்வார், ஓட்டுநர் பழக்கத்தைப் பார்த்துச் சொல்வார். வரலாறு பயிலும் எனக்கு வேறு வரிசையில் கேட்கத் தோன்றுகிறது. வண்டியின்மேல் எந்தக் காலத்துப் பூச்சு இருக்கிறது? கடந்த நூற்றாண்டில் காரின் பளபளப்பு குடியிருக்கும் இடம் மூன்று முறையாவது மாறியிருக்கிறது. மெழுகிடும் கை மட்டும் பெரும்பாலும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. வங்காளியில் 'லவணஹ்ரதம்' எனப்பட்ட உப்பேரிகள், வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடலின் ஏற்றவற்றம் வந்துபோன சதுப்பு நிலங்கள். ஆறு மண்மேடிட்டு, 1928இல் இறந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நகரின் கழிவுநீரைக் கொண்டு மீன் வளர்க்கும் பேடிகள் அங்கே பெருகின. பிரிவினைக்குப் பின் மக்கள்தொகையால் திணறிய நகருக்குப் புதுக் குடியிருப்பு வேண்டும் என்று முதலமைச்சர் பிதான் சந்திர ராய் கருதினார். 1962 ஏப்ரலில் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் அவர் மறைந்தார். யூகோஸ்லாவிய நிறுவனமான இன்வெஸ்ட் இம்போர்ட் நிலம் உயர்த்தும் பணியை மேற்கொண்டது. நகரத் திட்டத்தை வரைந்தவர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். ஹூக்ளியின் அடியிலிருந்து வாரிய வண்டலை நீரோடு கலந்து குழாய்வழியே இறைத்துச் சதுப்பை மேடாக்கினார்கள். பேடிகளை நம்பியிருந்தோர் விலகிப்போக நேர்ந்தது. எஞ்சிய ஈரநிலத்தில் 12,500 ஹெக்டேர் 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சால்ட் லேக்கின் தரை ஆற்று வண்டல் என்ற செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி துடைக்கும் துணியைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

கார் இந்தியாவுக்கு வந்தபோது அதன் பூச்சு குதிரைவண்டியின் பூச்சாகவே இருந்தது. மரச்சட்டத்தில் அடிப்பூச்சு, பட்டி, தேய்ப்பு, வண்ணம், மறுபடி தேய்ப்பு, இறுதியில் ஆளிவிதை எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ். ஒவ்வோர் அடுக்கும் காயக் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி பட்டறையை விட்டு வெளியேற வாரக்கணக்காகும். கல்கத்தாவின் ஸ்டூவர்ட், டைக்ஸ் போன்ற வண்டிக் கட்டுமான நிறுவனங்கள் இந்தக் கலையில் பெயர்பெற்றவை. அக்காலத்துப் பூச்சு எவ்வளவு ஆடம்பரமாகப் போக முடியும் என்பதற்குக் கல்கத்தாவின் அன்னக்கார் ஒன்றே போதும். ராபர்ட் நிக்கோல் மேத்யூசன் என்ற செல்வந்தர் 1910ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் செய்வித்து வரவழைத்த வண்டி அது. முன்புறம் அன்னத்தின் கழுத்து. உடலெங்கும் பொன்னிழைத் தாமரைகள். தெருவில் ஓடியபோது எழுந்த கலவரத்தால் காவல்துறை தடுத்தது என்பர். பின்னாளில் நாபா மன்னரிடம் சென்று, இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வார்னிஷ் காலத்தில் மெழுகுக்குப் பெரிய வேலையில்லை. பளபளப்பு வார்னிஷிலேயே இருந்தது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மென்தோலால் ஒற்றியெடுப்பதே பராமரிப்பு. மங்கினால் மீண்டும் வார்னிஷ் பூசினார்கள். ஃபோர்டின் மாடல் டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்ததற்கும் பூச்சின் காய்வுநேரமே பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வண்டி செய்பவரால் வாரக்கணக்கில் வார்னிஷ் காயக் காத்திருக்க முடியாது.

மாற்றம் 1923இல் வந்தது. முதல் உலகப்போரில் வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோஸ் செய்து பழகியிருந்த டூபாண்ட் நிறுவனம், அதே பொருளைக் கரைத்து 'டூக்கோ' என்ற தெளிப்புப் பூச்சாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து வண்டிகள் அதன் நீல நிறத்தில் வந்தன. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஒரு குறை இருந்தது: தெளித்துக் காய்ந்தபின் லாக்கர் தானாகப் பளபளப்பதில்லை. நுண்துகள் கலந்த காம்பவுண்டால் தேய்த்துச் சமனாக்க வேண்டும். பின் மெழுகிட வேண்டும். கார் மெழுகு அதற்கு முன்பே இருந்தது. ஜார்ஜ் சைமன்ஸ் தொடங்கிய சைமனைஸ் 1910ஆம் ஆண்டுச் சிகாகோவைச் சேர்ந்தது. ஆனால் அதை வீட்டு வழக்கமாக்கியது லாக்கர்தான். ஞாயிற்றுக்கிழமை கைமுட்டி நோகத் தேய்க்கும் கார்க்காரர் என்ற உருவம் பிறந்தது அப்போதே. இந்தியாவில் அந்தக் கைமுட்டி பெரும்பாலும் ஓட்டுநருடையதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லாக்கர் என்ற சொல்லில் கல்கத்தாவுக்கு ஒரு பங்குண்டு. வடமொழியின் 'லாக்ஷா', அதாவது அரக்கு, போர்த்துக்கீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய் லாக்கர் ஆனது. பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையை நாம் அரக்கு மாளிகை என்கிறோம், அதே அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளிலும் மான்பூம் பகுதியிலும் புரசு, இலந்தை, குசும்ப மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறுபூச்சி சுரக்கும் பிசின் அது. சாந்தாலியரும் பிற பழங்குடி உழவரும் கிளையில் பூச்சியை ஏற்றி, பருவம் முடிந்ததும் சுரண்டி எடுப்பர். அரக்கை உடைத்துக் கழுவி உலர்த்தி, நீண்ட துணிப்பைகளில் அடைத்துக் கரிநெருப்பின்முன் முறுக்குவார்கள். துணியின் இழைவழியே கசியும் உருகிய அரக்கை ஒருவர் வாங்கி, கைகளாலும் கால்விரல்களாலும் பல்லாலும் பிடித்து விரித்துத் தாளாக இழுப்பார். புருலியா மாவட்டத்து பலராம்பூரும் ஜால்தாவும் இத்தொழிலின் ஊர்கள். அங்கிருந்து கல்கத்தா, கல்கத்தாவிலிருந்து கப்பலில் உலகம். காசிப்பூரில் ஏஞ்சலோ சகோதரர்களின் அரக்காலை 1855 முதல் இயங்கியது. இசைத்தட்டும் அரக்கால் ஆனதுதான். கிராமபோன் நிறுவனம் 1908இல் சியால்தாவில் தட்டு அச்சிடத் தொடங்கி, பின் டம்டமுக்கு இடம்பெயர்ந்தது. டம்டம் சால்ட் லேக்குக்கு அண்டை ஊர்.

இந்தப் பொருளின் எதிர்காலம் குறித்து ஆங்கில அரசு கவலைகொண்டு லிண்ட்சே, ஹார்லோ இருவரிடம் அறிக்கை கேட்டுப்பெற்றது 1921இல். அதன் விளைவாக 1924இல் ராஞ்சிக்கருகே நாம்கும்மில் இந்திய அரக்கு ஆய்வுநிலையம் எழுந்தது. அதன் முதல் இயக்குநர் டாரத்தி நாரிஸ் என்ற பெண் அறிவியலாளர். அக்காலத்தில் அரிய செய்தி. நிலையம் பிறந்த காலமும் டூக்கோ பிறந்த காலமும் ஏறக்குறைய ஒன்று என்பதே இதில் உள்ள வரலாற்று விந்தை. அரக்கின் பெயரைத் தாங்கிய புதுப் பூச்சுக்கு அரக்கு அடிப்படையில் தேவைப்படவில்லை. ஆய்வுநிலையம் பின்னாளில் இருமுறை பெயர் மாறி, 2022 முதல் தேசிய இரண்டாம்நிலை வேளாண் நிறுவனம் என வழங்குகிறது. பெயரிலிருந்தும் அரக்கு போய்விட்டது.

அரக்குக்குள்ளேயே மெழுகும் உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் அது கலந்திருக்கும். அரக்கைச் சாராயத்தில் கரைத்தால் மெழுகு கரையாமல் ஒதுங்கும். தெளிந்த அரக்கு வேண்டுவோர் அதை வடித்து நீக்குவர்; நீக்கியது அரக்கு மெழுகு என்று விற்பனையாகும். கெட்டியானது, தேய்த்தால் ஒளிரும், 70 பாகைக்கு மேல்தான் உருகும். காலணி பாலிஷுக்கும் தரை பாலிஷுக்கும் உகந்தது.

இப்போது கல்கத்தாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே அரக்கு மெழுகு. தெற்கே சுந்தரவனத்தின் தேன்மெழுகு. சித்திரை வைகாசியில் வனத்துறை அனுமதிச்சீட்டுடன் பெருந்தேனீக்களின் அடையைத் தேடிப் புலியின் காட்டுக்குள் செல்லும் மௌலேக்கள், போன்பீபியை வணங்கிவிட்டே படகிறங்குவர். எல்லா ஆண்டும் எல்லாரும் திரும்புவதில்லை. வடகிழக்கே அசாமின் டிக்பாய். 1901இல் தொடங்கிய அந்தச் சுத்திகரிப்பாலையின் கச்சா எண்ணெய் மெழுகு மிகுந்தது, பாரஃபின் அதன் புகழ்பெற்ற விளைபொருள். கடல்கடந்தால் பர்மா, ரங்கூன் ஆலைகளின் பாரஃபின் ஒருகாலத்தில் உலகச் சந்தைக்கே போனது. பூச்சி, தேனீ, பாறை என மூன்று வகை மெழுகும் அருகிலேயே கிடைத்த நகரம் உலகில் அதிகம் இருக்காது. ஆயினும் கார் மெழுகு என்றதும் பெயர் பெற்றது இவற்றுள் ஒன்றுமில்லை, பிரேசிலின் கார்னோபா.

காரணம் வெயில். தேன்மெழுகு 62 முதல் 64 பாகைக்குள் உருகும். பாரஃபின் வகைகளில் பல அதற்கும் கீழே. சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் மேற்கூரை 60 பாகையைத் தாண்டுவது எளிது. உருகாவிட்டாலும் இளகும், இளகிய மெழுகில் புழுதி ஒட்டும். கார்னோபா 82 பாகைக்கு மேல்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கெட்டியானவற்றுள் ஒன்று. வறண்ட வடகிழக்குப் பிரேசிலில் ஒருவகைப் பனை தன் ஓலையின் நீர் ஆவியாகாமல் காக்கச் சுரப்பது அது. ஓலைகளை வெட்டி வெயிலில் காயவைத்து அடித்தால் தூளாக உதிரும், உருக்கிக் கட்டியாக்குவர். தரை மெழுகு விற்றுப் பெருகிய அமெரிக்கத் தொழிலதிபர் எச்.எஃப். ஜான்சன், 1935இல் நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிகோர்ஸ்கி விமானத்தில் இந்தப் பனையைத் தேடியே பிரேசில் வரை பறந்தார். விமானத்துக்கும் கார்னோபா என்றே பெயர் வைத்தார். அந்த ஓலைவெட்டும் தொழிலில் அடிமைநிலைக்கு ஒப்பான நிலையில் ஆட்கள் வைக்கப்பட்டிருந்ததைப் பிரேசில் தொழிலாளர் ஆய்வாளர்கள் நம் காலத்திலும் பலமுறை கண்டறிந்திருக்கிறார்கள். 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று அதை வெளிப்படுத்தியபோது ஐரோப்பாவில் பேச்சானது. அரக்குத்தாளைப் பல்லால் இழுத்தவரும் ஓலை வெட்டியவரும் ஒருவரையொருவர் அறியார். டப்பாவின் மூடியிலும் அவர்கள் படம் இருக்காது.

'நூறு விழுக்காடு கார்னோபா' என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவோர் உண்டு. இந்த வாசகத்தை ஐயத்தோடு படிப்பது நல்லது. கலப்பற்ற கார்னோபா கல்போல் இருக்கும். நகத்தால் அழுத்தினால் சில்லாக உடையும். துணியில் எடுத்துத் தடவ வராது. ஆகவே கரைப்பானும் இளமெழுகும் எண்ணெயும் சேர்த்தே அதைப் பசையாக்குகிறார்கள். கார்னோபா அதில் ஒரு பங்குதான். நம் சுவாமிமலைச் சிற்பியர் இதன் மறுதலையைச் செய்கிறார்கள். தனித் தேன்மெழுகு படிமத்துக்கு மிக மென்மை என்பதால் குங்கிலியத்தைச் சேர்த்து இறுக்குவர். இளக்குவதோ இறுக்குவதோ, தனிமெழுகால் வேலை நடப்பதில்லை. ஆகவே மூடியில் உள்ள விழுக்காட்டைக் காட்டிலும் உள்ளே தேய்ப்புத்துகள் உண்டா இல்லையா என்பதே வாங்குபவர் அறிய வேண்டியது. ஏன் என்பதற்கு அம்பாசிடர் காலத்துக்குப் போக வேண்டும்.

கல்கத்தாவுக்கு வடக்கே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1948இல் நிலைகொண்டது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடர் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே வரை அங்கே உருவானது. வண்ணப்பூச்சுத் தொழிலும் அருகிலேயே இருந்தது; ஹவுராவின் ஷாலிமார் 1902ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சால்ட் லேக் வீடுகள் எழுந்த 1970களிலும் 80களிலும் அவற்றின் முகப்பில் நின்றது பெரும்பாலும் அம்பாசிடர், சிறுபான்மை ஃபியட். அக்காலத்து எனாமல் பூச்சில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. வெயில் பிசினைச் சிதைக்கும். நிறத்துகள் பிடியிழந்து சுண்ணாம்புபோல் மேலே வெளுக்கும். வெள்ளை வண்டிக்கு இந்நோய் கூடுதல். வெள்ளை நிறத்தைத் தரும் டைட்டானியம் டையாக்சைடே வெயிலுடன் சேர்ந்து பிசினைச் சிதைக்க வல்லது. அரசு வண்டிகள் எல்லாம் வெள்ளையாக இருந்த நாட்டில் இது ஒரு சின்னத் துயரம்.

இந்நிலையில் மெழுகு மட்டும் போட்டால் வெளுப்பின் மேல் மெழுகுதான் நிற்கும். வெளுத்த தோலை முதலில் உரிக்க வேண்டும். ரப்பிங் காம்பவுண்ட் அந்த வேலையைச் செய்தது. கார் பாலிஷ் என்று விற்றவற்றிலும் தேய்ப்புத்துகள் இருந்தது. தேய்க்கத் தேய்க்கத் துணியில் வண்டியின் நிறம் படியும். அழுக்கு என்று பலர் எண்ணியது வண்டியின் தோல். ஓட்டுநர் துணியைப் பார்த்தே எவ்வளவு தேய்த்தோம் என்று அறிந்தார். பூச்சு தடிப்பாக இருந்ததால் ஆண்டுக்கொருமுறை உரித்தாலும் பல்லாண்டு தாங்கியது. இந்திய வண்டிகளில் பழகிய வாக்ஸ்போல் பாலிஷ் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் சரக்கு என்பதை இங்கே குறிப்பது பொருந்தும்.

ஆண்டுக்கொருமுறை என்றேன், அந்த நாளும் வங்காளத்தில் குறித்தது. செப்டம்பர் 17ஐ ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ அப்படி. வானத்தில் பட்டம் பறக்கும்; கீழே பட்டறை, ரிக்ஷா நிறுத்தம், வாடகைக்கார் நிறுத்தம் எங்கும் வண்டிகள் கழுவித் தேய்த்து மாலையிட்டு நிற்கும். மழைக்காலம் தணியும் தறுவாயில் வருவதால் மழையில் மங்கிய பூச்சைச் செப்பனிட அந்நாள் தோதானது. வழிபாட்டு நாள்காட்டியும் பராமரிப்பு நாள்காட்டியும் இப்படிப் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எனாமல் பூச்சின் ஆயுளுக்கு அது நன்கு பொருந்தியது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 90களில் மற்ற நிறுவனங்கள் வந்தன. மெட்டாலிக் நிறங்கள் பெருகின. அவற்றோடு வந்தது நிறமற்ற மேற்பூச்சு, பட்டறை வழக்கில் கிளியர் கோட். இப்போது நிறம் அடியில் மங்கலாக இருக்கும்; பளபளப்பு முழுதும் மேலிருக்கும் கண்ணாடிபோன்ற அடுக்கில். அந்த அடுக்கின் தடிப்பு 40, 50 மைக்ரான். தலைமயிரின் தடிப்பைக் காட்டிலும் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்களும் அதற்குள்தான். ஒவ்வொரு கடுந்தேய்ப்பும் சில மைக்ரான்களைக் கொண்டுபோகும். அம்பாசிடருக்குப் பொருந்திய வருடாந்தரக் காம்பவுண்ட் தேய்ப்பை இந்த வண்டிக்குச் செய்தால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானட்டிலும் திட்டுத்திட்டாக வெளுத்துத் தோலுரியும். பிறகு மெழுகால் ஆவது ஒன்றுமில்லை, மறுபூச்சுதான். இதில் கொடுமை என்னவெனில் கிளியர் கோட்டைத் தேய்த்தால் துணியில் நிறம் வராது. இரண்டு தலைமுறை ஓட்டுநர்கள் அளவுகோலாக வைத்திருந்த சான்று இல்லாமற்போய்விட்டது. அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. பூச்சு மாறியதை ஆலைகள் அறிந்திருந்தன, விற்பனை நிலையங்கள் அறிந்திருந்தன. தேய்ப்பவரிடம் வந்து சொன்னோர் மிகச் சிலர்.

இனித் தேர்வு. புது வண்டிக்கு வேண்டியது தேய்ப்புத்துகள் இல்லாத மெழுகு. 'கிளீனர் வாக்ஸ்' என்றோ 'பாலிஷ்' என்றோ இருப்பவற்றில் துகள் இருக்கும் என்று கொள்க. விரல்களுக்கிடையில் தேய்த்தாலே சில வகைகளில் நெருநெருப்பு தெரியும். கார்னோபாப் பசை கறுப்பு, சிவப்பு வண்டிகளுக்கு ஆழ்ந்த மினுக்கம் தரும். இதை நான் விளம்பரமாகச் சொல்லவில்லை, வெள்ளை வண்டியில் வேறுபாடு அரிதாகவே தெரியும். அதன் ஆயுள் ஒன்று முதல் மூன்று மாதம். கல்கத்தா மழையில் குறைந்த எண்ணையே நம்பலாம். செயற்கைப் பாலிமர் சீலண்ட்கள் இன்னும் சில மாதம் கூடுதலாக நிற்கும். மினுக்கம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். சிலிக்கோன் சேர்ந்த பாலிஷ்கள் 1950கள் முதல் உள்ளவை. தடவுவதற்கு எளிது, நீரை நன்றாக உதறும். ஆனால் வண்டி விரைவில் டிங்கரிங், பெயிண்டிங்குக்குப் போகவிருந்தால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பட்டறைக்காரர் சிலிக்கோனைக் கண்டால் அஞ்சுவார். அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் புதுப்பூச்சு ஒட்டாமல் மீன்கண்போல் குழி விழும். செராமிக் கோட்டிங் எனப்படுவது மெழுகே அன்று. சிலிக்கா அடிப்படையிலான கெட்டிப்படலம். ஆண்டுக்கணக்கில் நிற்கும், விலையும் அதற்கேற்ப. கல்லடிபடாமல் காக்கும் என்று சொல்லி விற்பாரை நம்ப வேண்டா.

நீர் முத்தாக உருள்வதைக் கண்டு மகிழ்வோர், தாமரை இலையை நினைத்துக்கொள்ளலாம். அங்கும் மெழுகுதான் வேலை செய்கிறது. ஆனால் இலையின் நுண்மேடுகளும் அதற்குத் துணை. ஜெர்மன் தாவரவியலாளர் பார்த்லோட்டும் நைன்ஹூயிஸும் 1997இல் இதை விளக்கியபின் உலகம் இதைத் தாமரை விளைவு என்கிறது. தாமரை இலை தன் மெழுகைத் தானே மறுபடி சுரந்துகொள்ளும். பானட்டுக்கு அந்த வசதி இல்லை. முத்து உருள்வது நின்று நீர் தட்டையாகப் பரவினால் மெழுகு தேய்ந்துவிட்டது என்று அறியலாம். பழைய துணிச்சான்றுக்கு ஓரளவு மாற்று இது. முத்துகள் உருண்டோடாமல் வெயிலில் அங்கேயே காய்ந்தால் ஆழ்குழாய் நீரின் உப்பு வட்டவட்டமாகத் தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க. கழுவியபின் ஒற்றியெடுப்பது வார்னிஷ் காலத்துப் பாடம், இன்றும் செல்லும்.

சால்ட் லேக்குக்கென்று ஒரு கால அட்டவணை வேண்டுமானால், கால்பைசாகி புயல்கள் தொடங்குமுன் பங்குனியில் ஒருமுறை. பூஜைக்காலத்தில் மழை விட்டபின் ஒருமுறை. முடிந்தால் ஆடியில் ஒரு வறண்ட நாளில் இடையே ஒன்று. நிழலில், பானட் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, மெல்லியதாக. ஈரம் மிகுந்த நாளில் கரைப்பான் மெதுவாகவே பறக்கும். வெண்படலம் காயுமுன் துடைத்தால் கோடுகோடாக நிற்கும். தடித்துப் பூசினால் கூடுதல் காப்பு என்பது வீண் எண்ணம். மிகையெல்லாம் துணியோடு போய்விடும். பறவை எச்சத்தை அன்றன்றே நனைத்து எடுத்துவிட வேண்டும்; அதன் அமிலம் மெழுகுக்குக் காத்திருக்காது.

மெழுகைவிட முதன்மையானது கழுவும் முறை. விடியற்காலையில் ஒரு வாளி, ஒரு பழந்துணியோடு பிளாக் பிளாக்காகச் சென்று பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைப்பவர்கள் இந்நகரில் பலர். ஊரின் தரை ஹூக்ளியின் வண்டல் என்றேன். அந்தப் புழுதியில் படிகக்கல் துகள்கள் உண்டு. எந்தக் கிளியர் கோட்டையும்விட அவை கெட்டி. முதல் வண்டியின் மணலை அதே வாளிநீர் பதினைந்தாம் வண்டிக்குக் கொண்டுசேர்க்கும். மாலை விளக்கில் கறுப்பு வண்டியின்மேல் சிலந்திவலைபோல் தெரியும் வட்டக்கீறல்கள் இப்படி வந்தவையே. அவற்றை மறைக்கக் காம்பவுண்ட், காம்பவுண்டால் மெலிந்த பூச்சு, அதை மறைக்க மெழுகு என்று சங்கிலி நீள்கிறது. துடைப்பவருக்கு மாதக்கூலியோடு இரண்டாவது வாளியும் நான்கு மைக்ரோஃபைபர் துணிகளும் தண்ணீர்க் குழாயும் தர வண்டிக்காரர் முன்வந்தால், செலவு ஒரு டப்பா இறக்குமதி மெழுகைவிடக் குறைவு. கரைப்பான் மணம் வீசும் பாலிஷை மூடிய கேரேஜில் நாள்முழுதும் தேய்க்கச் சொல்வதும் கூடாது. கதவு திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும்.

இன்னும் அம்பாசிடரைப் போற்றி வைத்திருப்போர் சால்ட் லேக்கில் உண்டு. அவர்களுக்கு ஒரு குறிப்பு. வண்டி இடையில் மறுபூச்சு கண்டிருந்தால் இப்போது அதன்மேல் இருப்பது பழைய எனாமலா, கிளியர் கோட்டா என்பது பார்த்தால் தெரியாது. கதவின் உள்விளிம்புபோல் மறைவான இடத்தில், வெள்ளைத்துணியில் துளி பாலிஷ் எடுத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை வண்டியானால் கறுப்புத் துணி. நிறம் ஒட்டினால் ஒற்றையடுக்குப் பூச்சு. முதலில் மென்பாலிஷ், பிறகு கார்னோபா. நிறம் ஒட்டாவிட்டால் காம்பவுண்ட் டப்பாவை மூடிவைத்துவிட்டு மெழுகை மட்டும் எடுங்கள்.